தக்காளிக்கு ஊர் உண்டு, பறித்த கைக்கு?

இத்தாலிய உணவை இப்போது எவரும் வெறுமனே விற்பதில்லை. கதையோடு சேர்த்தே விற்கிறார்கள். கதை சொல்வதைக் குற்றம் என்று நான் கூறமாட்டேன். செய்தி எழுதிப் பிழைத்தவன் அப்படிக் கூறுவது அழகுமல்ல. ஆனால் ஒரு கதைக்குள் யார் அழைக்கப்படுகிறார், யார் வாசலில் நிறுத்தப்படுகிறார் என்று பார்க்கும் பழக்கத்தைப் பத்திரிகைக் கந்தோர் எனக்குத் தந்திருக்கிறது. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பின்னரும் ஓய்வு பெறுவதாக இல்லை.

2019 நவம்பரில் ரொறன்ரோ நகரின் புளூர் வீதியில், மனுலைஃப் நிலையத்தில், 'ஈற்றலி' என்னும் இத்தாலிய உணவு மண்டபம் திறக்கப்பட்டது. உண்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இத்தாலியின் பெயரையும் ஒட்டிச் செய்த பெயர் அது. திறந்து சில நாட்களுக்குள் நானும் போய்ப் பார்த்தேன். மூன்று தளங்கள். நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்பவன் தன் காலால் நடப்பதில்லை, சனம்தான் அவனை நகர்த்துகிறது என்பார்கள். அன்று அந்த மண்டபத்திலும் அதே கதைதான். பாணுக்கு ஒரு வரிசை, கோப்பிக்கு ஒரு வரிசை, மேசைக்கு இன்னொரு வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் மாவைத் திரட்டி பாஸ்தா செய்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் கைத்தொலைபேசிகள் படம் பிடிக்கின்றன. உணவு சுவையாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரை வயிற்றெரிச்சலில் எழுதப்பட்டதல்ல.

என்னைக் கவர்ந்தவை தட்டுகளைக் காட்டிலும் தட்டிகளில் இருந்த எழுத்துக்கள். இத்தகைய மண்டபங்களில் பொருளோடு அதன் வரலாறும் வாசிக்கக் கிடைக்கும். ஒலிவ் எண்ணெய் எந்த மாகாணத்தது, எந்த இனக் காயில் பிழிந்தது, எந்தப் பருவத்தது என்பதெல்லாம் போத்தலிலேயே இருக்கும். சான் மார்சானோ தக்காளி என்றால் வெசூவியஸ் எரிமலைக்கு அருகே உள்ள சார்னோ சமவெளியின் மண்ணில் விளைந்தது. அதைக் கையால்தான், அதுவும் பழுக்கப் பழுக்கப் பல தடவைகளில்தான், பறிக்க வேண்டும் என்பது விதி. பார்மிஜானோ சீஸின் விடயம் இன்னும் விசேடமானது. ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லீற்றர் பால் வேண்டும். குறைந்தது 12 மாதங்கள் முதிர வேண்டும். எந்தப் பாற்சாலையில், எந்த மாதம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பது அதன் தோலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அகதி விண்ணப்பத்தோடு சத்தியக் கடதாசி இணைத்தவர்கள் நாம். அந்தச் சீஸுக்கு உண்டு.

புதிதாக வரும் நிருபருக்குச் செய்தியாசிரியர் கற்றுக்கொடுக்கும் முதற்பாடம் ஒன்றுண்டு. எது, எங்கே, எப்போது, எப்படி, ஏன், யார் என்ற ஆறு வினாக்களுக்கும் விடை இல்லாத செய்தி அச்சுக்குப் போகாது. இந்த மண்டபத்தின் தட்டிகள் முதல் ஐந்துக்கும் விரிவாக விடை சொல்கின்றன. ஆறாவது வினாவுக்கு மட்டும் விடை இல்லை. சில இடங்களில் பண்ணையின் உரிமைக் குடும்பத்தின் பெயரும் படமும் இருக்கும். அவர்கள் நிலத்துக்கு உரியவர்கள். பறித்தவர் யார்? கறந்தவர் யார்? அடுக்கியவர் யார்? சமையலறையின் உட்புறத்தில், கண்ணாடி இல்லாத பக்கத்தில், நிற்பவர் யார்?

இந்த வினா அந்த மண்டபத்துக்கு அந்நியமானதுமல்ல. அதன் மூலத்திலேயே இருப்பது. 1986 இல் ரோமாபுரியின் ஸ்பானியப் படிகளருகே மக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து கார்லோ பெத்ரினியின் 'ஸ்லோ ஃபூட்' இயக்கம் வளர்ந்தது. 1989 இல் பாரிஸில் அதன் பிரகடனம் வெளியானது. உணவு நல்லதாக, தூயதாக, நீதியானதாக இருக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் மூன்று சொல் மந்திரம். மின்சாதன வணிகத்திலிருந்து வந்த ஒஸ்கார் ஃபரினெத்தி, 2007 ஜனவரியில் துரின் நகரின் லிங்கொத்தோ பகுதியில், பழைய வெர்மூத் மதுச்சாலை ஒன்றில் முதலாவது ஈற்றலியைத் திறந்தபோது அவருக்கு ஆலோசனை வழங்கியதும் அதே இயக்கம்தான். 2010 ஆகஸ்டில் நியூயோர்க் கிளை திறந்தது. அதன் பின் உலகெங்கும் அந்த மாதிரி பரவியது. அதைப் பார்த்துச் செய்த பிற மண்டபங்களும் பெருகின. நல்லது என்பதை நாக்கு சொல்லும். தூயது என்பதைச் சான்றிதழ் சொல்லும். நீதியானது என்பதை யார் சொல்வது? மூன்று சொற்களில் இரண்டு மட்டும் கடல் கடந்து வந்திருக்கின்றன. மூன்றாவது சொல்லைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

அன்று எழுதி வைத்த குறிப்புகளை 2024 ஜூனில் வந்த ஒரு செய்தி மீண்டும் எடுக்க வைத்தது. ரோமாபுரிக்குத் தெற்கே உள்ள லத்தீனா மாவட்டத்தில், பஞ்சாபிலிருந்து வந்த சத்னாம் சிங் என்ற 31 வயதுத் தொழிலாளியின் கையைப் பண்ணை இயந்திரம் துண்டித்தது. அவரிடம் முறையான வேலைப் பத்திரம் இல்லை. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல், அவர் தங்கியிருந்த வீட்டருகே இறக்கிவிட்டுப் போனார்கள். துண்டான கை பழப்பெட்டி ஒன்றில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாட்களின் பின் ரோமாபுரி மருத்துவமனையில் அவர் இறந்தார். இத்தாலியே அதிர்ந்தது. அடுத்த மாதம் பண்ணை உரிமையாளர் கைதானார். பழங்களைச் சிராய்ப்பு இல்லாமல் சந்தைக்குக் கொண்டுபோகச் செய்யப்பட்ட பெட்டி அது. அந்தப் பெட்டிக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கைக்கூட அந்த மனிதனுக்குக் காட்டவில்லை.

இதைத் தனி ஒரு கொடியவனின் செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1989 ஆகஸ்டில் வில்லா லித்தேர்னோவில் ஜெரி மஸ்லோ கொல்லப்பட்டார். தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியிலிருந்து தப்பி வந்து, அகதி அந்தஸ்துக் கிடைக்காமல், தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் அவர். 2010 ஜனவரியில் கலாப்ரியாவின் ரொசார்னோவில் தோடம்பழம் பறித்த ஆபிரிக்கர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, ஊரே கலவரமானது. 2015 ஜூலையில் பாவ்லா கிளெமெந்தே என்ற இத்தாலியப் பெண், விடியுமுன் பேருந்தில் ஏறி, அந்திரியாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போய், வேலை செய்துகொண்டிருந்தபோதே விழுந்து இறந்தார். 2018 ஆகஸ்டில் ஃபோஜ்ஜா அருகே, வயல்களிலிருந்து தொழிலாளரை ஏற்றிவந்த வாகனங்கள் லொறிகளோடு மோதின. மூன்று நாட்களுக்குள் இரண்டு விபத்துக்கள், 16 உயிர்கள். அதே ஃபோஜ்ஜா வயல்களில் சுமார் 300 கிலோ தக்காளி நிறையும் ஒரு பெட்டிக்கு மூன்று, நான்கு யூரோ கூலி கொடுக்கப்பட்டதைச் செய்தியாளர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் நடுவில் நிற்பவனை இத்தாலியர் 'கப்பொறாலே' என்பார்கள். ஆட்களைத் திரட்டுவான், வானில் ஏற்றுவான், வயலில் மேற்பார்வை பார்ப்பான், போக்குவரத்துக்கும் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் கூலியில் கழிப்பான். பெரும்பாலும் தொழிலாளியின் மொழியைப் பேசுபவனாகவே, அவனுடைய நாட்டவனாகவே இருப்பான். இலங்கை வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவனுக்கு நம்மிடம் நூற்றைம்பது ஆண்டுப் பழைய பெயர் இருக்கிறது: கங்காணி. திருச்சியிலும் மதுரையிலும் ஆள் திரட்டி, மன்னார்க் காட்டு வழியே நடத்தி வந்து, முற்பணத்தைக் கடனாக்கி, தலைக்காசு வாங்கிக்கொண்டு, தோட்டங்களில் நிறுத்தியவன். ஒரு தோட்டத்தின் கடனோடு தொழிலாளியை இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறையை ஒழிக்க 1921 வரை செல்ல வேண்டியிருந்தது. கங்காணி முறை பழங்கதை என்று நினைத்திருந்தோம். அது கப்பலேறி மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த மண்டபத்தின் தக்காளியை அடிமைப்பட்டவர்கள் பறித்தார்கள் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுத என்னிடம் ஆதாரம் இல்லை; ஆதாரம் இல்லாததை எழுதும் வழக்கமும் இல்லை. நேர்மையாகக் கூலி கொடுக்கும் பண்ணைகள் இத்தாலியில் ஏராளம். போ ஆற்றுச் சமவெளியின் பால் பண்ணைகளில் பஞ்சாபிச் சீக்கியர் பல்லாண்டுகளாக நிரந்தர வேலையில் இருக்கிறார்கள். குடும்பத்தோடு குடியேறி, நொவெல்லாராவில் 2000 ஆம் ஆண்டில் பெரிய குருத்துவாராவையும் கட்டியிருக்கிறார்கள். என் முறைப்பாடு வேறு. நல்ல பண்ணை எது, கொடிய பண்ணை எது என்று வாங்குபவன் அறிய வழியில்லை என்பதே என் முறைப்பாடு. காயின் இனத்தைச் சொல்லத் தெரிந்த அந்தத் தட்டி, கூலியைச் சொல்லும் இடம் வந்ததும் ஊமையாகிவிடுகிறது. மூடிமறைக்க எதுவும் இல்லாத இடத்திலும் அதே மௌனம்தான். அந்தச் சமவெளியின் சீஸ் தட்டில் பசுவைப் பற்றி வாசிக்கலாம். விடியற்காலையில் அந்தப் பசுவைக் கறக்கும் தலைப்பாகைக்காரரைப் பற்றி வாசிக்க முடியாது. அவர் வந்தால் கதையின் 'இத்தாலியத் தன்மை' கெட்டுவிடும் என்று பயம் போலும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று.

முதலாவது: 'இவற்றையெல்லாம் கண்டறிவது நடைமுறைக்கு ஒவ்வாது.' ஒரு சீஸ் சக்கரத்தின் மாதத்தையும் ஆண்டையும் பாற்சாலை இலக்கத்தையும் தோலில் பொறிக்க முடிந்தவர்கள் இதைச் சொல்லக்கூடாது. இத்தாலியிலேயே வழி திறந்துதான் இருக்கிறது. தொழிற்சட்டங்களை மீறாத பண்ணைகளைப் பதிவு செய்யும் தரமான வேளாண் தொழில் வலையமைப்பு 2014 இல் சட்டமாக்கப்பட்டது. 2016 இன் 199 ஆம் இலக்கச் சட்டம் கங்காணியோடு நில்லாமல், அவனைப் பயன்படுத்தும் முதலாளியையும் தண்டிக்கிறது. 2011 கோடையில் நார்தோ ஊரில் பழம் பறிப்போரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் கமரூனிலிருந்து படிக்க வந்த மாணவர் இவான் சான்யே. பின்னாளில் அவர் 'நோகாப்' என்ற முத்திரையை உருவாக்கினார். தொழிலாளருக்கு முறைப்படி கூலி கொடுத்து விளைவித்த தக்காளி என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி. அது சாதாரணப் பேரங்காடிகளின் தட்டுகளுக்கே வந்துவிட்டது. தொழிலாளியால் தொடங்க முடிந்ததைப் பெருமுதலாளிகளால் தொடர முடியாதா?

இரண்டாவது: 'விலை அதிகமென்றால் கூலியும் அதிகமாகத்தான் இருக்கும்.' இது ஆசை, கணக்கு அல்ல. மேலே கொடுக்கும் விலை கீழே இறங்க வேண்டுமானால் அதற்கு வாய்க்கால் வேண்டும். பெரும் வணிகச் சங்கிலிகள் தக்காளிப் போத்தல்களை வாங்க இத்தாலியில் இரட்டை இறங்கு ஏலம் என்ற முறையை நடத்தின. முதற் சுற்றில் ஆகக் குறைந்த விலை கேட்டவரின் தொகையே இரண்டாம் சுற்றின் தொடக்க விலை. அதிலிருந்து இன்னும் கீழே இறங்க வேண்டும். ஏலத்தில் வென்ற ஆலைக்காரர் விவசாயியை நெருக்குவார், விவசாயி கங்காணியை அழைப்பார், கங்காணி வயிற்றில் அடிப்பார். 2021 இல்தான் சட்டம் அந்த ஏலத்தைத் தடை செய்தது. விலையை உயர்த்தினால் மட்டும் கூலி உயராது. கூலியைக் கேட்பதற்கு யாராவது இருந்தால்தான் உயரும்.

மூன்றாவது: 'சாப்பிட வந்த இடத்தில் அரசியல் எதற்கு?' இதற்கு நீண்ட பதில் வேண்டாம். அரசியலை மேசைக்குக் கொண்டுவந்தவன் நானல்ல. மண்ணும் மரபும் நீதியும் என்று தட்டியில் எழுதி, அந்த எழுத்துக்கும் சேர்த்து விலை வாங்குபவர்களே கொண்டுவந்தார்கள். விற்கப்பட்ட சொல்லுக்குக் கணக்குக் கேட்பது வாங்கியவனின் உரிமை.

இதை ஏன் தமிழில், தமிழருக்கு எழுத வேண்டும் என்று சிலர் வினவலாம். நாம் அந்த மண்டபத்தின் வாடிக்கையாளர் மட்டுமல்லர் என்பதே விடை. 1980 களிலிருந்து சுவிற்சர்லாந்துக்குப் போன நம் இளைஞர்களுக்கு உணவகச் சமையலறைகளே முதல் அடைக்கலம். பலெர்மோ நகரில் ஆயிரக்கணக்கான தமிழர் வீட்டு வேலைகளிலும் உணவகங்களிலும் உழைத்து வாழ்கிறார்கள். சைவர்களும் மொந்தே பெல்லெகிரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகிறார்கள். ரொறன்ரோவில் எத்தனை இத்தாலிய உணவகங்களின் அடுப்படியில் தமிழ் கேட்கும் என்பது அந்நகரில் வாழ்பவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் கோப்பை கழுவத் தொடங்கி, பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் இத்தாலிய உணவகத்தின் பாஸ்தா முழுவதையும் தன் கையால் செய்யும் நிலைக்கு உயர்ந்தார். அந்த உணவகத்தின் உணவுப் பட்டியலில் உரிமையாளரின் பாட்டியின் படமும், அவருடைய கைப்பக்குவம் பற்றிய வாசகமும் இருந்தன. நண்பர் அதைக் காட்டிச் சிரித்தபடி சொன்னார்: "அண்ணை, அந்தப் பாட்டியின்ர கை இதுதான்." சிரித்தாலும் அவர் அதை மறந்துவிடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பொருளுக்கு ஊர்ப்பெயர் சூட்டி, உழைத்தவனின் பெயரை மறைக்கும் வித்தையை உலகுக்குக் காட்டிக்கொடுத்த பண்டங்களுள் ஒன்று நமது தேயிலை. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிய பயிர் அது. டிம்புள்ள, நுவரெலியா, ஊவா என்று இடம் பிரித்து, உயரம் பிரித்து, தோட்டத்தின் பெயரையும் பெட்டியில் அச்சிட்டு, சிங்க முத்திரை குத்தி விற்கிறார்கள். அந்தப் பெட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம்கூட இருக்கும். பெயர் இராது. அவளுடைய மக்களின் குடியுரிமையை 1948 இல் பறித்தது நாடு. நாட்சம்பளம் 1000 ரூபா என்ற எளிய கோரிக்கை பல ஆண்டுகள் வீதியில் நின்று, 2021 இல்தான் நிறைவேறியது. லண்டனிலோ மெல்பேர்னிலோ அந்தத் தேநீரைப் பருகியவர் எவரும் லயன் அறையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று நாம் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம், பொருமியிருக்கிறோம். அந்தப் பொருமலுக்கு நாம் உரியவர்கள் என்றால், ஃபோஜ்ஜாவின் தக்காளியை உண்ணும்போது அதே வினாவைக் கேட்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

வினாவைக் கேட்கத் தொடங்கினால் அது நம் வீட்டு வாசலுக்கும் வரும்; வரட்டும். புலம்பெயர் நகரங்களில் 'அம்மாவின் கைமணம்' என்று பலகை மாட்டிய நமது உணவகங்கள் பல உள்ளன. அவற்றின் பின்பக்கத்தில் அண்மையில் வந்த மாணவனும், அகதி வழக்கு முடியாத பெண்ணும், மணித்தியாலக் கணக்கின்றி, கையில் கொடுக்கும் காசுக்கு நிற்பதை அறியாதவர் எவர்? 'எங்கட பிள்ளையள்தானே, உதவிதானே செய்யிறம்' என்ற வாசகத்தை நான் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். கங்காணியும் அதைத்தான் சொன்னான். தமிழில் சொன்னால் சுரண்டல் உதவியாகிவிடாது. நேர்மையாகச் சம்பளம் கொடுத்து, விடுமுறை கொடுத்து நடத்தும் தமிழ் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சுவரில் எழுதி மாட்டட்டும். அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

இத்தாலிய உணவைப் பகிஷ்கரியுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பகிஷ்கரித்தால் முதலில் வேலை இழப்பவர் வயலில் நிற்பவர்தான். வாங்குங்கள், உண்ணுங்கள். ஆனால் தட்டியை முழுதாக வாசித்துவிட்டு, அங்கு நிற்கும் பணியாளரைச் சங்கடப்படுத்தாமல், முகாமையாளரிடமோ நிறுவனத்தின் முகவரிக்கோ மூன்று வினாக்களை எழுதிக் கேளுங்கள். இதைப் பறித்தவருக்கு ஒப்பந்தம் இருந்ததா? அவருடைய கூலி பெட்டிக்கா, மணித்தியாலத்துக்கா? அதைச் சரிபார்த்தவர் யார்? ஒருவர் கேட்டால் கடிதத்துக்கு நன்றி என்று பதில் வரும். நூறு பேர் கேட்டால் கூட்டம் போடுவார்கள். ஆயிரம் பேர் கேட்டால் தட்டியில் இன்னொரு வரி சேரும். ஒலிவ் காயின் இனம் எது என்பதைத் தட்டிக்குக் கொண்டுவந்தது விற்பவனின் தாராள மனம் அல்ல. வாங்குபவன் கேட்டுக்கொண்டே இருந்ததுதான்.

உழுதுண்பவரைத் தொழுதுண்ண வேண்டும் என்று சொல்லி வளர்ந்த மொழி நம்முடையது. தொழுவது இருக்கட்டும். முதலில் அவருடைய பெயரையும் கூலியையும் கேட்போம்.